முதல் அப்பம் எங்கள் வீட்டுக்கு

அன்று சாயங்காலம் என் வீட்டு முன்கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள் தம்பி. நான். என் மனைவி ரூத்தம்மாள். என்னிடம் உபதேசியார் வேலைக்குப் பயின்றுவந்த இரண்டு பையன்கள், ஜெயராஜும் தங்கராஜுவும். பக்கத்து வீட்டு ஜவுளி வியாபாரி ஷேக் அலாவுதீன். அவருடைய மனைவி சித்தி ஹாஜரா, கையில் நோன்புக் கஞ்சித் தூக்கோடு வாசற்படியில் நின்றபடி. அவ்வளவுதான். சன்னல் வழியாகத் தானும் பார்த்ததாகச் சொல்லித் திரிகிற மீன்கார பழனியப்பன் அன்று எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

இந்தக் காப்பி நன்றாக இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் இப்படி ஒரு காப்பி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சீனி மட்டும் ஒரு கரண்டி கூடுதல்.

என் பெயர் பாக்கியநாதன். ஜார்ஜ் டவுன் தமிழ்ச் சபைக்கு மூப்பர். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் துரைக்கு நீங்கள் இங்கிலீஷில் சொல்லும்போது 'கிழவன்' என்று சொல்லிவிடாதீர்கள். அது வயது, இது பதவி. என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. ஜெயராஜ் செத்தது சம்பந்தமாக ஷேக் அலாவுதீனை நேற்று இங்கே வரவழைத்து அந்த மரப் பெஞ்சில் உட்கார வைத்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். காலையில் குளித்து, கோட்டு மாட்டி, ரிக்‌ஷா பிடித்து நானாக வந்தேன். எங்கள் வீட்டில் நடந்த ஒரு காரியத்துக்கு அடுத்த வீட்டுக்காரர் பதில் சொல்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

என் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர். இங்கே தமிழில் ஆராதனை நடத்த ஓலைக் கொட்டகை போட்டவர் அவர். இன்று அது ஓட்டுக்கூரை, வெள்ளைச் சுவர், மணிக்கூண்டு எல்லாமாக நிற்கிறது. திருவிருந்து நாளில் பீடத்தின் முன்னால் முதலில் மண்டியிடுவது எங்கள் குடும்பம். முதல் அப்பம் எங்களுக்கு. தாத்தா, அப்பா, நான். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. நான் எழுந்து முன்னால் போகும்வரை மற்றவர்கள் இடத்தை விட்டு அசைய மாட்டார்கள், அவ்வளவுதான்.

தோட்டங்களுக்கு உபதேசியார்கள் வேண்டும் என்று சபை கேட்டபோது, என் வீட்டின் பின்கட்டைப் பையன்களுக்கு விட்டேன். வேதம் சொல்லிக் கொடுப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை, அது புத்தகத்தில் இருக்கிறது. ஆத்துமாவைப் பழக்குவதுதான் வேலை. பிரசங்கம் பண்ணத் தெரிந்தவன் நாளைக்கு ஒரு கங்காணியின் கள்ளுக்கு மயங்கலாம், ஒரு துரையின் சத்தத்துக்கு நடுங்கலாம். உள்ளே முதுகெலும்பு வேண்டும். அதை வைத்து அனுப்புகிறவன் நான். கடலுக்கு அக்கரையில் சுங்கை பாக்காப் தொடங்கி எல்லாத் தோட்டங்களிலும் என் கையில் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவனும் கெட்டுப்போகவில்லை.

அதற்கு என் தாத்தா காலத்து ஒழுங்கு ஒன்று உண்டு. ஈஸ்டருக்கு முந்திய எங்கள் நாற்பது நாள் விரதமான லெந்து தொடங்கும் புதன்கிழமை ஒவ்வொரு மாணவனும் தனியாக என் அறைக்கு வந்து மனதைத் திறந்து பேசுவான். கேட்டுவிட்டு, ஈஸ்டர் வரை அவன் எதை விட வேண்டும் என்று நான் பெயர் சொல்வேன். அவன் தேர்ந்தெடுக்கக் கூடாது. தேர்வை அவனிடம் விட்டால் விடுவதற்குச் சுலபமானதாகப் பார்த்து எடுத்துக்கொள்வான். எதை விட்டிருக்கிறான் என்று மூன்றாம் ஆளிடம் சொல்லக் கூடாது. முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்து, ஒன்றும் விடாதவனைப் போலச் சிரித்துக்கொண்டு திரிய வேண்டும். நடுவில் விடுவிக்க வேண்டுமென்றால், பெயர் சொன்னவன் வாயிலிருந்துதான் அது வர வேண்டும்.

நல்ல ஒழுங்கு. நீங்கள்கூட வீட்டில் செய்து பார்க்கலாம்.

ஜெயராஜ் அக்கரையில் பத்து காவான் என்கிற ஊர்த் தோட்டத்துப் பையன். ரப்பர்ப் பால்மரம் வெட்டிய கை. வந்த புதிதில் நாற்காலியில் உட்காரச் சொன்னால் அதன் விளிம்பில்தான் உட்காருவான். முதல் வருஷ லெந்தில் அவனைப் பாட்டை விடச் சொன்னேன். கூட்டும்போதும் பாட்டு, தண்ணீர் இறைக்கும்போதும் பாட்டு என்று இருந்தவன், அன்றிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. ஈஸ்டர் காலையில் கிணற்றடியில் அவன் வாயைத் திறந்ததும் ரூத்தம்மாள் அடுப்படியில் நின்று அழுதுவிட்டாள். அப்போதே எனக்குத் தெரிந்தது, சொன்னதைச் செய்வதில் இவனைப் போல ஒருவன் எனக்குக் கிடைத்ததில்லை என்று.

தங்கராஜு வேறு மாதிரி. தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியின் மகன். நல்ல குடும்பம், எங்களுக்குத் தூரத்து உறவுகூட. இரண்டு பேர் சாப்பாடு சாப்பிடுவான், மூன்று பேர் குறட்டை விடுவான். ஜெபத்தில் கண்ணை மூடினால் பிறகு நாம்தான் தட்டித் திறக்க வேண்டும்.

எங்கள் சபைக்குக் குருவாக ஒரு தமிழரையே வைப்பது என்று முடிவாகியிருந்தது. லெந்துக்கு முந்திய வாரம் சிங்கப்பூரிலிருந்து வெள்ளைக்காரப் பாதிரியார் வந்து இருவரையும் சோதித்தார். தங்கராஜு தீர்க்கதரிசிகளின் பெயரை வரிசை தப்பிச் சொல்லி, இல்லாத ஒரு தீர்க்கதரிசியையும் சேர்த்துச் சொன்னான். பாதிரியார் பெருந்தன்மையாகச் சிரித்தார். ஜெயராஜ் பேசியதைக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மூப்பரே, நீங்கள் செய்த வேலை இது. ஈஸ்டருக்கு இவனுக்குக் குருப்பட்டம். முதல் திருவிருந்தை இவனே உங்கள் சபையில் நடத்தட்டும்."

நான் நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

நான் சாதி பார்க்கிறவன் இல்லை, தம்பி. என் வீட்டுக் கிணற்றில்தான் அவன் குளித்தான். என் மனைவி கையால்தான் சாப்பிட்டான். தோட்டத்துக்கு உபதேசியாராகப் போய் அவன் ஜனத்துக்கு அவன் பிரசங்கித்திருந்தால் நானே வண்டி வைத்து அனுப்பியிருப்பேன். ஆனால் என் தாத்தா கப்பலேறிய ஊரில், எங்கள் தொழுவத்தில் மாடு செத்தால் இழுத்துப் போக வந்தது அவனுடைய தாத்தாவின் ஆட்கள். இதை ஊர் விவரமாக மட்டும் சொல்கிறேன். ஈஸ்டர் காலையில் நான் எல்லோர் முன்னாலும் மண்டியிட்டுக் கையை ஏந்த வேண்டும். அவன் நின்றுகொண்டு அதில் அப்பத்தை வைக்க வேண்டும். அந்த ஓர் இடம்தான் எனக்குச் சரியாக விழவில்லை.

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு மேசையருகே ஒத்திகை வைத்தேன். ரூத்தம்மாள் சுட்ட ரொட்டியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளித் தட்டில் வைத்துக்கொண்டு ஜெயராஜ் நின்றான். தங்கராஜு சபையாராக மண்டியிட்டான்.

"சீக்கிரம் போடுண்ணே, பசிக்குது."

"இது ஒத்திகைடா. முழுங்காத."

"முழுங்கிட்டேன். அடுத்த ஆளும் நான்தான், இன்னொண்ணு போடு. கொஞ்சம் மிளகாச் சம்பால் தடவியிருந்தா இன்னும் பக்தி வரும்லா."

அடுப்படியிலிருந்து ரூத்தம்மாள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது ஜெயராஜ் என் பக்கம் திரும்பினான்.

"ஐயா, அன்னைக்கு மொத ஆளா நீங்கதான மண்டியிடுவீங்க. உங்களுக்குக் குடுத்துப் பழகிக்கிறேனே."

கையை நீட்டினான். நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே, இரண்டு விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில், நடுக்கமில்லாமல். நகம் சுத்தமாக இருந்தது. கட்டைவிரலில் பால்வெட்டுக் கத்தி பட்ட பழைய தழும்பு ஒன்று. அந்தக் கையை நான் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"கையக் கொஞ்சம் தாழ்த்திப் பிடி" என்று சொல்லிவிட்டு எழுந்து, தடியை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் உலாவப் போனேன். அன்று நல்ல காற்று.

பாதிரியாரிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். சொல்லியிருந்தால், பாக்கியநாதன் சாதி பார்க்கிறான் என்று சிங்கப்பூர் வரை பேசுவார்கள். மூன்று தலைமுறைப் பெயர். பையன் மேல் ஏதாவது பழி சொல்லித் தடுத்திருக்கலாம். அது பொய், எனக்குப் பொய் வராது. யாருடைய பெயரும் கெடாமல் காரியம் நடக்க வேண்டும். அவன் பெயரும்தான்.

லெந்து புதன்கிழமை அவன் என் அறைக்கு வந்தான். இப்போது நாற்காலியில் முழுதாக உட்காரப் பழகியிருந்தான். அதையும் கற்றுக் கொடுத்தது நான்தான்.

"ஐயா, அன்னைக்கு ரொட்டிய வாங்கலியே. எங்கிட்ட எதுவும் கொறையா?"

"கொறை இருந்தா சொல்றதுதான் என் வேலை" என்றேன். "உனக்கு எதுல பயம் ஜாஸ்தி?"

அவன் யோசிக்கவே இல்லை. "காய்ச்சல்லதான் ஐயா. தோட்டத்துல எங்க அம்மா அதுலதான் போனாங்க. எனக்கும் அப்பப்ப வருது. குளிர் எடுத்தா கை தானா கொயினா மருந்துப் புட்டிக்குப் போயிடும்."

"ஜெபம் பண்ணிட்டா, அதுக்கு முன்னாடியா?"

இதற்கு யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத பையன். "முன்னாடிதான் ஐயா."

"அப்ப அத விட்டுடு."

வெளியே ஒரு வண்டி மணியடித்துக்கொண்டு போனது. அவன் தலையைத் திருப்பி அதைப் பார்த்தான். பிறகு, "சரி ஐயா" என்றான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கொடுத்த புட்டியைத் துடைத்து, ஒரு கைக்குட்டையில் சுற்றி, காணிக்கை கொண்டுவருகிறவன் மாதிரி இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தான். என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி எப்போதும் என் இடுப்பில்தான் இருக்கும். இதோ, இந்தச் சாவி.

தங்கராஜுவை நான் விடச் சொன்னது பிசாங் கோரேங். முச்சந்தியில் மலாய்க்காரி ஒருத்தி வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்து விற்கிறாளே, அதுதான். முதல் வாரமே வாயைச் சுற்றி எண்ணெய் மினுமினுக்க என் முன் வந்து நின்றான். "ஐயா, ரெண்டே ரெண்டு. மூணாவது அவ சும்மா குடுத்தா. சும்மா குடுத்தத வேணாங்கிறது மரியாதையா?" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றே விடுவித்துவிட்டேன். பையன்களிடம் இந்த விஷயத்தில் நான் எப்போதும் கொஞ்சம் இளக்கமாகத்தான் இருப்பேன். தலைவலிக்கிறது என்று சொன்னால்கூட விடுவித்திருக்கிறேன்.

இந்த வருஷம் முஸ்லிம்களின் நோன்பும் எங்கள் லெந்தோடு சேர்ந்து வந்தது. ஷேக் அலாவுதீன் தினமும் நோன்பு திறக்கும் நேரத்தில் எங்கள் வீட்டுக்கும் ஒரு தூக்குக் கஞ்சி அனுப்புவார். சித்தி ஹாஜராவின் கை மணம் இந்தத் தெருவுக்கே தெரியும். இரண்டு வீட்டிலும் விரதம் என்பதால் அவருக்கும் எனக்கும் சுவர் மேலாக நல்ல பேச்சு. "மூப்பரே, ஒங்க பையனுவ வெரதத்துலயும் கொழுத்துல்ல போறானுவ" என்பார். "தங்கராஜு மட்டும்" என்பேன்.

நோன்புப் பெருநாள் நெருங்கும்போது ஜெயராஜுக்குக் குளிர் எடுத்தது. வழக்கப்படி முகம் கழுவி, எண்ணெய் வைத்து, சிரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பல் மட்டும் தந்தியடித்தது. மறுநாள் விட்டது. அதற்கடுத்த நாள் இன்னும் பலமாக வந்தது. ரூத்தம்மாள் கம்பளியைப் போர்த்திவிட்டு, "ஏங்க, இவன்கிட்ட மருந்துப் புட்டி ஒண்ணு இருந்துச்சே?" என்று கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் பைபிளைப் பார்த்தேன். "முடிஞ்சிருச்சும்மா" என்றான் அவன். அவன் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான். ஒழுங்கைக் காக்கச் சொன்ன பொய் என்பதால் நான் கண்டிக்கவில்லை. புதுப் புட்டி வாங்கி வருகிறேன் என்று கிளம்பியவளை, சனிக்கிழமை கடைக்குப் போகும்போது வாங்கலாம் என்று நிறுத்தினேன்.

ஷேக் வீட்டில் விஷயம் தெரிந்து, அவனுக்கென்று இஞ்சியும் பூண்டும் கூடுதலாகப் போட்டுச் சின்னத் தூக்கில் தனியாகக் கஞ்சி வரத் தொடங்கியது. அதை நானே வாங்கி உள்ளே எடுத்துப் போவேன்.

இப்போது அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். ஷேக் பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜெயராஜ் முன்கூடத்துச் சாய்வு நாற்காலியில் கிடந்தான். கண் மஞ்சளாகிவிட்டது. பேச்சு நடுநடுவே தோட்டத்துக்குப் போய், யாரையோ வாளி எடுத்துவரச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தது.

"என்ன மூப்பரே இது? பையன் பொசுங்குறான். என் மோட்டார் வாசல்ல நிக்குது. ஏத்துங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"விரதத்துல இருக்கான்" என்றேன்.

"வெரதமா? எங்க நோன்புல காய்ச்சக்காரனுக்கு வெலக்கு இருக்கு. ஒங்க சாமி எங்க சாமியவிடக் கண்டிப்போ?"

"கொஞ்சம் கஞ்சியாச்சும் குடி வாப்பா" என்று சித்தி ஹாஜரா படியிலிருந்து கெஞ்சினாள். தங்கராஜு அழுதுகொண்டே சட்டையைத் தேடினான், தானும் மோட்டாரில் ஏறுவதற்கு.

நான் எதையும் மறைத்துச் செய்கிறவன் இல்லை. எல்லோர் முன்னாலும் அவனையே கேட்டேன். "போறியா ஜெயராஜ்?"

அவன் கண்ணைத் திறந்தான். அந்த நிமிஷம் தெளிவாகத்தான் இருந்தான். மெல்ல, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஐயா, விட்டுடலாமா?" என்றான். மருந்து என்ற சொல்லை அவன் சொல்லவில்லை. மூன்றாம் ஆளுக்குத் தெரியக் கூடாதே. நான் குனிந்து அவன் நெற்றியில் கை வைத்தேன்.

"ஈஸ்டர் வரைக்கும்தானப்பா" என்றேன்.

அவன் தலையாட்டினான். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நான் வரல பாய். எனக்கு ஒண்ணுமில்ல" என்றான். சிரிக்கக்கூடச் செய்தான்.

ஷேக் விடுவிடுவென்று படியிறங்கிப் போனார். பிறகு மோட்டார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அவர் டாக்டரை அழைத்துக்கொண்டு வரத்தான் போனார் என்று பின்னால் தெரிந்தது. டாக்டர் வாசற்படி ஏறும்போது தேவையில்லாமல் போயிருந்தது.

தெரிந்தே செய்தீர்களா என்று துரை கேட்கிறார் போலிருக்கிறது. கேட்க வேண்டியதில்லை. என் சொந்தத் தம்பி பட்டர்வொர்த் கரையில் அதே காய்ச்சலில் போனான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். குளிர் எப்போது வரும், எப்போது விடும், கொயினா இல்லாவிட்டால் எத்தனை முறைக்குப் பிறகு மனிதன் எழுந்திருக்க மாட்டான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். லெந்து புதன்கிழமையன்று அந்தப் பெயரைச் சொன்னபோதே தெரியும். கொன்றது நான்தான். அப்படியே எழுதுங்கள். ஆனால் என் கையால் வளர்ந்தவர்களில் கடைசிவரை ஒழுங்கு தவறாதவன் அவன் ஒருவன்தான் என்பதையும் கூடவே எழுதுங்கள். அவன் அடக்க ஆராதனையில் நானே பிரசங்கித்தேன். கண் கலங்காதவர் இல்லை.

ஈஸ்டர் ஆராதனையைச் சிங்கப்பூர்ப் பாதிரியாரே வந்து நடத்தினார். நான் எழுந்து முன்னால் போனேன், மற்றவர்கள் காத்திருந்தார்கள். முதல் அப்பம் என் கையில் விழுந்தது. ரூத்தம்மாள் மட்டும் என் பக்கத்தில் வந்து மண்டியிடவில்லை. முழங்கால் வலி என்று நினைக்கிறேன்.

இனி அந்த வதந்தி. ஷேக் வீட்டுக் கஞ்சியில் ஏதோ விழுந்துதான் பையன் செத்தான் என்று பசாரில் பேசுகிறார்கள். அவர் கடையில் துணி எடுக்க எங்கள் சபை ஜனம் போவதில்லை. சித்தி ஹாஜரா அந்தத் தூக்கை நசுக்கி எறிந்துவிட்டாளாம். இதற்காகத்தான் வந்தேன். அது சுத்தப் பொய். அந்தக் கஞ்சியில் ஒரு குறையும் கிடையாது. இஞ்சியும் பூண்டும் வெந்தயமும் அளவாக விழுந்த கஞ்சி. ஜெயராஜ் அதில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அவன் பெயருக்கு வந்ததையும் தினமும் நான்தான் குடித்தேன்.